கொழும்பில் பழைய கடையொன்றை வீடாகவும் ஓவியக்கூடமாகவும் மாற்றுதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு, மருதானை, வெள்ளவத்தை போன்ற பகுதிகளில் இன்னும் எஞ்சி நிற்கும் பழைய கடைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கும். முகப்பு ஒடுக்கமாகவும், உட்பகுதி பின்னோக்கி நீண்டும், கூரை உயர்ந்தும் இருக்கும். நடுவிலோ பின்புறத்திலோ வெயில் இறங்கும் சிறு முற்றமொன்று காணப்படும். தெருவைப் பார்த்த முன்பகுதியைப் படங்கள் மாட்டும் கூடமாகவும், முற்றத்துக்கு அப்பாலுள்ள பகுதியைக் குடும்பம் புழங்கும் வீடாகவும் பிரித்துக்கொள்ள இந்த அமைப்பே இடம் தருகிறது. ஆகவே இத்தகைய கட்டடத்தை வாங்குபவர் அதிகம் இடிக்கவும் வேண்டியதில்லை, அதிகம் கட்டவும் வேண்டியதில்லை. ஆனால் வேலைகளின் வரிசை பிசகக் கூடாது. ஆவணம், ஈரம், பாரம், காற்று, வெளிச்சம் என்ற ஒழுங்கில் ஒவ்வொன்றையும் முடித்த பின்னரே நிறப்பூச்சையும் தளபாடத்தையும் பற்றி யோசிக்க வேண்டும். படங்களில் பார்த்த அழகிலிருந்து தொடங்குபவர்கள், பூசிய சுவரை மறுபடி கொத்த நேரிடும்.

உறுதியும் அனுமதியும்

விலை பேசுவதற்கு முன் உறுதியின் பிரதியையும் நில அளவைப் படத்தையும் வாங்கி, அனுபவமுள்ள நொத்தாரிசு ஒருவரிடம் கொடுத்து, காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுக்கால உரித்தைத் தேடச் செய்ய வேண்டும். வீடு வாங்குபவர்கள் அவ்வளவாகச் சந்திக்காத ஒரு சிக்கல் கடைகளில் உண்டு. பல தசாப்தங்களுக்கு முன் 'கீ மணி' எனப்படும், வாடகைக்கு மேலான முன்பணத்தைக் கொடுத்து அமர்ந்தவரின் பிள்ளைகள், அவர்களுக்குக் கீழே ஒரு மூலையைப் பிடித்திருக்கும் உப வாடகைக்காரர், மாடிப்படிக்கு அடியில் கண்ணாடிப் பெட்டி வைத்து மணிக்கூடு திருத்துபவர் என்று ஒரே கட்டடத்தில் பலர் உரிமை கோரக்கூடும். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இன்னும் சில பழைய வாடகைக்காரர்களுக்குக் கவசமாக இருப்பதால், உரிமையாளர் கையொப்பமிட்டுவிட்டார் என்பதற்காகக் கட்டடம் உங்கள் கைக்கு வந்துவிட்டதாகக் கருத முடியாது. எல்லாரும் வெளியேறிச் சாவி கிடைத்த பின்னரே மீதிப் பணம் என்ற நிபந்தனையை உடன்படிக்கையில் எழுதிக்கொள்வது நல்லது. காணி கோயில் அறக்கட்டளைக்கோ பள்ளிவாசலின் வக்பு எனப்படும் அறக்கொடைச் சொத்துக்கோ உரியதாக இருந்தால், குத்தகையின் காலம் என்ன, அதைப் புதுப்பிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு, பயன்பாட்டை மாற்றவும் உள்ளே கட்டவும் எழுத்துமூல அனுமதி கிடைக்குமா என்பவற்றைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

அடுத்ததாக மாநகர சபையிலிருந்து வீதிக்கோட்டுச் சான்றிதழைப் பெற வேண்டும். காலி வீதி போன்ற பெருந்தெருக்களில் உள்ள பழைய கடைகளின் முகப்பு, எதிர்கால வீதி விரிவாக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட கோட்டுக்குள் இருப்பது அபூர்வமல்ல. அந்தக் கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியில் பெருஞ்செலவு செய்வது புத்திசாலித்தனமன்று. கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய தட்டுகள், விளக்குத் தண்டவாளங்கள், படங்கள் ஆகியவற்றுக்கு அப்பகுதியை ஒதுக்கிவிட்டு, குளியலறை, குசினி, படிக்கட்டு ஆகியவற்றை உள்ளே தள்ளி அமைக்க வேண்டும்.

கடையை வீடாக்குவது வெறும் உள் அலங்கார வேலை அன்று. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ், கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதும் அபிவிருத்திச் செயற்பாடாகவே கருதப்படுவதால், அதற்கு அனுமதிப்பத்திரமும், வேலை முடிந்ததும் குடியேறுவதற்கு முன் இணக்கச் சான்றிதழும் தேவை. வலயம், வாகனத் தரிப்பிடம், புதிய இடைத்தளம் ஆகிய மூன்றும்தான் வழக்கமாகக் கேள்விக்குள்ளாகும் விடயங்கள் என்பதால், பட்டயக் கட்டடக் கலைஞர் ஒருவரைக் கொண்டு தொடக்கத்திலேயே பூர்வாங்க அனுமதியைக் கேட்டுவிடுவது காலத்தை மிச்சப்படுத்தும். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய கட்டடங்கள் தொல்பொருட் சட்டத்தின் கீழ் வரும். கொழும்புக் கடைகளில் அவ்வளவு பழையவை மிகச் சில என்றாலும், பிந்திய கட்டடமொன்றும் பாதுகாக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் இருக்கக்கூடும் என்பதால் அதையும் கேட்டறிய வேண்டும்.

முந்தைய வியாபாரம் விட்டுச் சென்றவை

அங்கே முன்பு என்ன விற்றார்கள் என்பதை அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் கேளுங்கள். ஒரு கடையின் சுவரும் தரையும் அது செய்த வியாபாரத்தை நெடுங்காலம் உள்ளே வைத்திருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நிறப்பூச்சுக்கு அவசரப்படுவதே புதியவர்களுக்கு அதிகச் செலவை இழுத்துவிடுகிறது.

கருவாட்டுக் கடையாகவோ உப்பு மூட்டைகள் அடுக்கிய களஞ்சியமாகவோ இருந்த இடத்தில் உப்பு சுவரின் சாந்துக்குள் இறங்கியிருக்கும். ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அது வெண்பொடியாக வெளியே பூத்து, புதிய பூச்சைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும். அந்தப் பொடியைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த தூரிகையால் கூட்டி அள்ளி வெளியேற்றி, கறை தெரியும் மட்டத்துக்கு மேலும் ஓரிரண்டு அடி வரை பழைய பூச்சைக் கொத்தி, சீமெந்து கலக்காத சுண்ணாம்பு மணற்சாந்தை மெல்லியதாகப் பூசி விட வேண்டும். அந்தப் பூச்சு சுவரிலுள்ள உப்பை உறிஞ்சிக்கொண்டு தானும் கெட்டுப்போகும். ஒரு மழைக்காலம் கழிந்ததும் அதைக் கொத்தி எறிந்துவிட்டு நிரந்தரப் பூச்சைப் பூசலாம். இதைக் கேட்டதும் பல மேசன் பாஸ்மார் சிரிப்பார்கள். நீர்புகாப் பூச்சை இரண்டு கை அடித்தால் போதும் என்பார்கள். சம்மதிக்க வேண்டாம்.

அச்சகமாக இருந்த கட்டடத்தில் ஈய எழுத்துகளும் மையும் புழங்கியிருக்கும் என்பதால், பழைய தூசியை உலர்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்து எடுக்க வேண்டும். வேலை முடியும் வரை பிள்ளைகளை உள்ளே விடக் கூடாது. ஆனால் அச்சகத்தில் ஓர் ஆதாயமும் உண்டு. இயந்திரம் நின்ற கொங்கிறீட் மேடை அநேகமாக அப்படியே இருக்கும். அதன் ஆணிகளை அறுத்துவிட்டால் சிற்பம் வைப்பதற்கு அதைவிட உறுதியான பீடம் கிடைக்காது. செட்டியார் தெருப் பக்கத்து நகைப் பட்டறைகளில் அமிலம் பட்ட தரையையும் வடிகாலையும் பார்க்க வேண்டும். நான்காம் குறுக்குத் தெருவை ஒட்டிய மிளகாய், மசாலாக் களஞ்சியங்களில் மரச்சட்டங்களுக்குள் ஏறிய நெடி, ஓரிரு முறை சுண்ணாம்பு அடித்துக் கதவுகளைத் திறந்து வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். முற்றாகப் போகும் என்று நான் உறுதி கூற மாட்டேன்.

கூரையும் சுவரும்

கட்டடத்தை வெயில் நாளில் மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கொழும்பில் மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை கொட்டும். இவற்றில் ஒரு மழையின்போது உள்ளே நின்று கூரையைப் பார்ப்பது, பத்துப் பேரின் அறிக்கையைப் படிப்பதைவிடப் பயன் தரும். அடுத்தடுத்த கடைகளின் கூரைகள் சந்திக்கும் இடத்திலுள்ள பள்ளப் பீலிதான் ஒழுக்கின் முதற்காரணம். அது இரண்டு உரிமையாளர்களுக்குப் பொதுவானது என்பதால் யாரும் அதைத் துப்புரவு செய்வதில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் பேசி, செலவைப் பகிர்ந்து, ஆள் இறங்கி நடக்கக்கூடிய அகலத்தில் அதை மாற்றுவதே முதல் வேலையாக இருக்கட்டும். அயலவரோடு நல்லுறவு தொடங்கவும் அது ஒரு காரணமாகும்.

கூரை ஓடுகளைத் தாங்கும் பலா, தேக்குச் சட்டங்களைக் கூரான ஆணியால் குத்திப் பார்க்க வேண்டும். சுவருக்குள் புதைந்த முனைகளில்தான் கறையான் தொடங்கும். அஸ்பெஸ்டோஸ் தகடு போட்டிருந்தால் அதை அறுக்கவோ துளைக்கவோ உடைத்துப் போடவோ கூடாது. நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி, பொலித்தீனில் சுற்றி அகற்றச் சொல்லுங்கள். வேலையாட்களுக்கு உரிய முகக்கவசத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

பழைய சுவர்கள் பல கபொக் எனப்படும் செம்புரைக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுப்பப்பட்டவை. இவை நிலத்திலிருந்து சிறிது ஈரத்தை உறிஞ்சி, மேற்பரப்பின் வழியாக அதை வெளியேவிடும் இயல்புடையவை. மேலே கெட்டியான சீமெந்துப் பூச்சைப் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும். சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிய எளிய சோதனையொன்று உண்டு: ஓர் அடிச் சதுரப் பொலித்தீன் தாளின் நான்கு விளிம்புகளையும் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கத்தில் நீர் துளிர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது; வெளிப்பக்கத்தில் துளிர்த்திருந்தால் அறைக் காற்றிலேயே ஈரம் மிகுதி. முதலாவதற்குத் தரையும் வடிகாலும், இரண்டாவதற்குக் காற்றோட்டமும் மருந்து.

இடைத்தளம் எவ்வளவு, எங்கே

உயர்ந்த கூரையின் கீழ் ஒரு தட்டு அமைத்து மேலே படுக்கையைப் போடும் வழக்கம், வெப்பம் மேலே ஏறுவதை வரமாகக் கருதும் குளிர்நாடுகளில் பிறந்தது. அதை அப்படியே இங்கே கொண்டுவருவதுதான் இவ்வகை வீடுகளில் நான் அடிக்கடி காணும் குறை. கொழும்பில் ஆண்டு முழுவதும் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால், கூரைக்கு அடியிலுள்ள தட்டே வீட்டின் மிகச் சூடான இடமாகும். கூரை கொங்கிறீட்டாக இருந்தால் பகலில் வாங்கிய சூட்டை அது நள்ளிரவு வரை கீழே விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே படுக்கையறையைக் கீழே, முற்றத்தை ஒட்டிய பின்பகுதியில் வையுங்கள். இடைத்தளத்தைக் காலையில் புழங்கும் வேலையிடமாகவோ, படம் வரையும் இடமாகவோ பயன்படுத்துங்கள். பின்பகுதியில் உறங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: புறக்கோட்டையிலும் அதைச் சுற்றியும் விடியுமுன்னரே லொறிகள் வந்துவிடும், சுமை தூக்கும் நாட்டாமைகளின் குரலும் கைவண்டிச் சத்தமும் முகப்பு அறையில் உறங்க விடா.

மேலும் கீழும் தலா ஏழரை அடி உயரமும் தளத்துக்கு முக்கால் அடித் தடிப்பும் வேண்டுமென்றால், மொத்தம் 16 அடி உயரமாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த உயரமுள்ள கடையில் இடைத்தளத்தை மறந்துவிடுவதே நல்லது. உயரம் இருந்தாலும் தரைப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூட வேண்டாம் என்பது என் கருத்து. மீதி உயரம் திறந்திருந்தால்தான் பெரிய படமொன்றைத் தள்ளி நின்று பார்க்க முடியும். சூடான காற்றும் மேலெழுந்து வெளியேறும்.

வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் பாரத்துக்கும், கடைத் தளங்கள் 400 கிலோகிராம் பாரத்துக்கும் கணக்கிடப்படுகின்றன. புத்தக அலுமாரிகளும், அடுக்கி வைத்த சட்டமிட்ட படங்களும், கண்ணாடிகளும் முதற்கணக்கை எளிதில் தாண்டிவிடும். ஆகவே மேலே என்ன வரப்போகிறது என்பதைப் பொறியியலாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். புதிய இரும்புக் கேடர்களை அயலவருடன் பொதுவான பழைய சுவரில் துளைத்துச் செருகாதீர்கள். தனி அத்திவாரத்தில் தனித் தூண்களை நிறுத்தி, சுவரிலிருந்து ஓர் அங்குலமாவது விலக்கி அமைத்தால் சுவரும் வெடிக்காது, வழக்கும் வராது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த இரும்பையே கேட்டு வாங்க வேண்டும். ஒட்டு வைத்த இடங்களில் அந்தப் பூச்சு எரிந்துபோயிருக்கும் என்பதால், அங்கே துத்தநாகப் பூச்சை மறுபடி தடவினார்களா என்று ஏணியில் ஏறி நீங்களே பார்க்க வேண்டும்.

காற்றும் வெளிச்சமும்

நீண்டு ஒடுங்கிய கடையில் யன்னல் வைப்பதற்குப் பக்கச் சுவர்கள் கிடையா. முற்றத்தைத் தகடு போட்டு மூடியிருந்தால் முதலில் அதைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் நடுப்பகுதிக் கூரையில் ஆறடிக்கு ஆறடியாவது எடுத்துவிட்டு வான்வெளி விடுங்கள். கீழே மழைநீர் தேங்காத சரிவும், இலை அடைக்காத பெரிய வடிகாலும் இருக்கட்டும். தரைப்பரப்பு குறைகிறதே என்று தயங்குபவர்கள், வரைபடம் கீறுவதற்கு முன் பகத்தலே வீதியை அடுத்த 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீட்டை ஒருமுறை பார்ப்பது நல்லது. 1958 முதல் அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்ற நான்கு சிறிய வரிசை வீடுகளை இணைத்து அமைத்த அந்த வீட்டில், சிறு சிறு முற்றங்களே ஆழமான பகுதிகளுக்கு ஒளியையும் காற்றையும் கொண்டுசேர்க்கின்றன. அங்கே பார்க்க வேண்டியது விலையுயர்ந்த பொருட்களையல்ல, இருளிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் வழியை.

ஓவியக்கூடத்துக்கு வடக்கு வெளிச்சமே சிறந்தது என்று மேல்நாட்டு நூல்கள் கூறும். கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலிருந்து செப்டெம்பர் முற்பகுதி வரை நண்பகற் சூரியன் இங்கே நமக்கு வடக்கே நிற்கும். ஆகவே வடக்கு நோக்கிய கூரை யன்னலுக்கும் மேலே ஒரு தாழ்வாரமோ பலகை மறைப்போ இல்லையென்றால், ஐந்து மாதங்களுக்கு வெயில் நேரே இறங்கும். காலி வீதியின் கடற்கரைப் பக்கக் கடைகள் கிழக்கு நோக்கியிருப்பதால் காலை வெயிலோடு தப்பிவிடும். எதிர்ப்பக்கக் கடைகள் மேற்கு வெயிலை முழுதாக வாங்கும். அங்கே முகப்புக்கு எதிரே படம் மாட்டக் கூடாது.

முகப்பு

சில பழைய கடைகளில் இன்னும் பலகைக் கதவு இருக்கும். மேலும் கீழும் உள்ள காடிகளில் ஒவ்வொன்றாகச் செருகும் பலகைகளின் உட்பக்கத்தில், எது எங்கே வரும் என்பதற்கு உளியால் வெட்டிய இலக்கங்களைக் காணலாம்; கைபட்ட இடம் பளபளத்திருக்கும். இவற்றை விற்றுவிடாதீர்கள். மணல்தாளால் அதிகம் தேய்க்காமல், இலக்கம் அழியாமல் எண்ணெய் தடவி, கூடத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான மறைப்பாக நிறுத்தலாம். படம் பார்க்க வருபவர்கள் இருக்கும் நாளில் பலகைகளைச் செருகி வீட்டை மூடிவிடலாம்.

ரோலர் ஷட்டர் உள்ள கடையில் அழகைவிட உயிர்ப் பாதுகாப்பு முந்துகிறது. இரவில் ஷட்டரை இறக்கிப் பூட்டி உள்ளே உறங்குவது, தீப்பிடித்தால் வெளியேற வழியின்றி அடைபடுவதாகும். உள்ளிருந்து சாவியின்றித் திறக்கக்கூடிய ஆள் கதவொன்று முன்னாலும், ஒழுங்கைக்கோ அயற்கூரைக்கோ செல்லும் மாற்று வழியொன்று பின்னாலும் கட்டாயம் வேண்டும். எரிவாயுச் சிலிண்டரைக் காற்றோட்டமான முற்றத்தில் வைத்து, தீயணைப்புச் சேவையின் 110 என்ற இலக்கத்தைக் குசினிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

மின்சாரமும் நீரும்

கடைக்கென எடுத்த மின்னிணைப்பு வீட்டுக் கட்டணப் பிரிவில் இருக்காது. பிரிவை மாற்ற மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கும், நீருக்கு வடிகாலமைப்புச் சபைக்கும், சோலைவரிக்கு மாநகர சபைக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். பழைய வயரிங்கில் ஒன்றையும் மிச்சம் பிடிக்காமல் முழுவதையும் மாற்றி, டிரிப் சுவிட்ச்சும் நிலத்தொடுப்பும் வைத்துக்கொள்ளுங்கள். வயரிங் சாமான்களையும் இரும்புப் பொருட்களையும் பழைய சோனகத் தெருவில் ஒரே நடையில் விலை விசாரித்து வாங்கலாம். மலசலகூடம் பின்பக்க மூலையில் இருந்தால் அதை அங்கேயே விட்டுவிடுவது மலிவு. கழிவுக் குழாய் நகரக் கழிவு வடிகாலோடு சேரும் இடம் பெரும்பாலும் அந்த மூலையே.

படங்களின் கூடம்

கொழும்பின் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 75 வீதத்துக்கு மேல் இருக்கும். கடதாசியும் கன்வஸும் 50 முதல் 60 வீதத்தில்தான் நிம்மதியாக இருக்கும். இதற்காகப் பகலில் குளிரூட்டியைப் போட்டு இரவில் நிறுத்துவது, ஒன்றும் செய்யாமல் விடுவதைவிடக் கெடுதல். சட்டமும் கன்வஸும் நாள்தோறும் விரிந்து சுருங்கும். நாள் முழுவதும் சீராக இயங்கும் ஈரநீக்கி ஒன்றைக் கடதாசி ஓவியங்கள் உள்ள சிறிய அறையில் மட்டும் வையுங்கள். எண்ணெய் வண்ண ஓவியங்களைத் திறந்த கூடத்தில், மின்விசிறியின் கீழ், சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளி மாட்டினால் பின்புறம் பூஞ்சணம் பிடிப்பது பெருமளவு குறையும். சட்டத்தின் பின்பக்க நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் இந்த இடைவெளி தானாகக் கிடைக்கும். இராமபாணப் பூச்சி கடதாசியின் பசையைத் தேடி வரும் என்பதால், படங்களைத் தரையில் சாய்த்து வைக்கும் வழக்கம் கூடாது. பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் மன்றத்தில், 1943இல் உருவான '43 குழு' ஓவியர்களின் படைப்புகள் ஓட்டுக்கூரை வீடொன்றுக்குள் மாட்டப்பட்டுள்ள விதத்தை நேரில் பார்த்தால், படங்களும் வீடும் எப்படி ஒன்றாக இருக்கலாம் என்பது புரியும்.

படத்தின் நடுமட்டம் தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். விளக்குக்கு, நிறங்களைச் சரியாகக் காட்டும் எல்இடி வகையில் நிறக்காட்டுச் சுட்டெண் (CRI) 90க்கு மேற்பட்டதை வாங்குங்கள். கடதாசி, நீர்வண்ணப் படைப்புகளுக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் ஒளி போதும். சுவருக்கு ஆணி அடித்து அடித்துக் கெடுக்காமல், மேலே ஓர் உலோகத் தண்டவாளம் பொருத்திக் கம்பியில் தொங்கவிட்டால் கபொக் சுவர் பிழைக்கும்.

கூடத்தில் படங்களை விற்கவும் எண்ணினால், அனுமதி விண்ணப்பத்திலேயே முன்பகுதியை அப்பயன்பாட்டுக்கெனத் தனியாகக் காட்டி, வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து, முன்பகுதிக்கு மட்டும் தனி மின்மானி கேட்பது நல்லது. முழுக் கட்டடத்தையும் வீடென்று காட்டிவிட்டுப் பின்னர் திருத்துவது புதிய விண்ணப்பம் போலவே நீளும். முதற்காட்சியை ஜனவரி முதல் மார்ச் வரையான மழை குறைந்த மாதங்களில் வைத்துக்கொள்ளலாம். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் 1993 முதல் நடந்துவரும் 'கலா பொல' ஓவியச் சந்தைக்குச் சென்றால், கூடமொன்றைத் தேடும் இளம் ஓவியர்களை அங்கேயே நேரில் சந்தித்துப் பேசலாம்.